கம்பி நாரால் தேய்த்த தரை

தொமே நகரத்தில் கட்டட வேலை பார்க்கிறவர்கள் யஸ்னா மாரிலெயோவுக்கு வைத்திருந்த பெயர் ‘சீச்சீ அம்மா’. அவளுக்கும் அது தெரியும். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் அவள் ஒரு பழைய கட்டடத்துக்குள் நுழைந்ததும் உள்ளேயிருந்து ஒருவன் ‘சீ’ என்று இழுப்பான், இன்னொருவன் இருமி அதை மறைப்பான்.

பெயர் பொருத்தமானதுதான். காரணத்தைத்தான் அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். அழுக்கைப் பார்த்து அவள் முகம் சுளித்ததே கிடையாது. அடைத்துக்கொண்ட சாக்கடைக்குள் முழங்கை வரை கையை விடுவாள். உத்தரத்தின் மேல் காய்ந்து கிடக்கும் எலியை வாலைப் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வேலையைத் தொடர்வாள். அவளுக்குக் குமட்டுவது சுத்தம். காய்ந்த துடைப்பத்தால் பெருக்கிய சுத்தம், வாயால் ஊதித் தட்டிய சுத்தம். ‘எப்படி மின்னுது பாருங்க’ என்று யாராவது பெருமையாகக் காட்டினால் அவள் கை தானாக முகமூடியைத் தேடும்.

அவள் வேலை அப்படிப்பட்டது. பழைய கட்டடங்களைப் பிரித்துப் புதுப்பிப்பதற்கு முன்னால் அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். கல்நார் என்று சொல்லும், தூளாகி மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் அந்தப் பொருளை அந்த நாட்டில் தடை செய்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. தடை காகிதத்தில் வந்தது. கூரையிலும் தரையிலும் கொதிகலன் குழாயிலும் இருந்தது அப்படியே இருந்தது.

யஸ்னா இதைக் கல்லூரியில் படித்தவள் அல்ல. பத்தொன்பது வயதில் கட்டடம் இடிக்கும் கும்பலோடு சேர்ந்து மரத்தைத் தனியாகவும் தகரத்தைத் தனியாகவும் அடுக்கிக்கொண்டிருந்தவள். கூரைத் தகட்டை விரல் முட்டியால் தட்டி, வரும் சத்தத்தை வைத்தே அது எந்தக் காலத்துத் தகடு என்று சொல்லப் பழகினாள். சுகாதாரத் துறை வெளியிட்ட சின்னப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தபோது அதை ஏழு தடவை படித்தாள். முதல் மூன்று தடவை புரியவில்லை. நாற்பது வயதில் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கினாள். இப்போது ஐம்பத்தொன்று.

எதைத் தொடும் முன்பும் நனைக்க வேண்டும், தூள் பறக்கக் கூடாது என்பது அவள் சட்டம். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, தெளிப்பான் குப்பியில் வைத்திருப்பாள். நனைத்து, காத்திருந்து, மறுபடி நனைத்து, நகத்தளவு துண்டு வெட்டி, பைக்குள் பை போட்டு மூடி, கத்தியைத் துடைத்து, துடைத்த துணியையும் பையில் போட்டு, வெட்டிய இடத்தை நாடாவால் ஒட்டுவாள். துண்டை அறையின் நடுவில் எடுக்கவே மாட்டாள். நடுவில் ஐம்பது வருட மெழுகு இருக்கும். அலமாரிக்குப் பின்னால், கதவு மூலையில், யாரும் கால் வைக்காத இடத்தில்தான் எடுப்பாள். பக்கத்தில் நிற்பவர்கள் பொறுமை இழந்து, எல்லாம் பிளாஸ்டிக் தரைதானே, இதற்கு இவ்வளவு சடங்கா என்பார்கள். ஒரு மேஸ்திரி ஒருமுறை தரைச் சில்லு ஒன்றை எடுத்துப் பல்லால் கடித்து, “பாத்தீங்களா மேடம், அது என்னைக் கடிக்கல, நான்தான் அதைக் கடிச்சேன்” என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை.

அந்த வருடம், அங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில், பள்ளி விடுமுறைக்குப் பத்து நாள் இருக்கும்போது, மலைச்சரிவிலிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவளை அனுப்பினார்கள். பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு அவசரமாகக் கட்டிய வடக்குக் கட்டடம் அது. மூன்று வகுப்பறைகள். ஜன்னல் வழியே மழை உள்ளே வரும், சுவரில் பூசணம். பலகாலம் கெஞ்சிய பிறகு நகராட்சி அதைப் புதுப்பிக்க ஒப்புக்கொண்டிருந்தது. விடுமுறை தொடங்கியதும் தரையைப் பெயர்க்க ஆட்கள் வருவதாக ஏற்பாடு. அதற்கு முன் யஸ்னாவின் அறிக்கை வேண்டும்.

வெள்ளிக்கிழமை. பிள்ளைகள் மதியம் ஒரு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார்கள். யஸ்னா மூன்று மணிக்கு மழையில் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தாள். தலைமையாசிரியர் எர்னால்தோ பெசோவா கழுத்துத்துணி சுற்றிக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தார். அவருக்குப் பின்னால், மேலங்கிக்கு மேல் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டபடி, பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் சுனில்தா கார்த்தெஸ் நின்றாள். இருபத்தாறு வருடமாக அங்கே வேலை. பிள்ளைகளுக்கு அவள் ‘சுனி அத்தை’. தலைமையாசிரியர் சாவிகளைத் தொலைத்துவிடுகிறவர் என்பதால் மாற்றுச் சாவியும் அவள் கொத்தில்தான் இருந்தது. அதை அவரே சொல்லிச் சிரித்தார்.

“வாங்க மேடம், உங்களுக்காக ரெண்டு நாளா சுனில்தா இடுப்பொடியத் தேய்ச்சிருக்காங்க. தரையில மூஞ்சி பாத்துத் தலை சீவலாம்.”

சுனில்தா கதவைத் திறந்தாள். யஸ்னா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

கருஞ்சிவப்பும் கறுப்புமாக, ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான சதுரங்கள். கல்நார் கலந்த சில்லுகளின் அந்த அளவு, அந்த நிறம், அந்தக் காலம். மெழுகு ஒரு பொட்டுக்கூட இல்லாமல் சுரண்டப்பட்டு, தரை புதிதாகத் தோலுரித்த மாதிரி வெளிறிக் கிடந்தது. மூலையில் பூனைக்குட்டி அளவுக்கு ஒரு கம்பி நார்ச் சுருள். அந்த ஊர் வழக்கம் அது. கம்பி நாரைக் காலணிக்கு அடியில் வைத்து மிதித்து, முன்னும் பின்னும் இழுத்து இழுத்துத் தரையைத் தேய்ப்பார்கள். பழைய மெழுகு தூளாகி வந்துவிடும். பெருக்கிவிட்டுப் புது மெழுகு பூசுவார்கள். விருந்தாளி வரும் வீட்டில் இதைச் செய்யாவிட்டால் மரியாதை இல்லை. ஆய்வுக்கு வருகிறவர் தரையைப் பார்க்கத்தானே வருகிறார் என்று சுனில்தா மூன்று அறையையும் தேய்த்துவிட்டு, மெழுகு பூசாமல் விட்டிருந்தாள், நன்றாகப் பார்க்கட்டும் என்று.

“காய்ஞ்ச தரையிலயா தேய்ச்சீங்க?” என்றாள் யஸ்னா.

“பின்ன? ஈரத்துல தேய்ச்சா கம்பி துருப்பிடிச்சுக் கறை விழுந்துராதா? தரை பாக்க வர்றவங்களுக்கு இதுகூடத் தெரியாதா?”

யஸ்னா முகமூடியை எடுத்து மாட்டினாள். அறைக்குள் ஒரு மேசை போட்டு, பூப்போட்ட விரிப்பு விரித்திருந்தது. தேநீர்க் கோப்பைகள், ஒரு கூடை நிறைய வீட்டில் சுட்ட ரொட்டி, ஒரு கிண்ணத்தில் மசித்த வெண்ணெய்ப்பழம். எல்லாம் திறந்தே இருந்தன. ஜன்னல் கட்டையிலும், சுவர்க் கொக்கிகளில் வரிசையாகத் தொங்கிய, பிள்ளைகள் வகுப்பில் மட்டும் போடும் மேலங்கிகளின் தோள்களிலும், மேசை விரிப்பிலும் மெல்லிய சாம்பல் படிந்திருந்தது. வெண்ணெய்ப்பழத்தின் பச்சை மேலும்கூட. யாரோ கல்லறைத் தூசியை அதன்மேல் உதறியதுபோல அது தெரிந்தது அவளுக்கு. நாக்கின் அடியில் உப்புத் தண்ணீர் ஊறியது.

“உக்காருங்க, சூடு ஆறிடும்,” என்றார் தலைமையாசிரியர். அவர் கை ரொட்டிக் கூடைக்குப் போய்விட்டது.

“அதைத் தொடாதீங்க.”

அவள் பெரிய மஞ்சள் பை ஒன்றை விரித்தாள். தெளிப்பானால் கூடையின் மேல் தண்ணீர் அடித்தாள். ரொட்டி, வெண்ணெய்ப்பழம், கோப்பைகள், விரிப்பு எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டி உள்ளே போட்டாள். அந்த ஊரில் ஒருவர் வைத்த ரொட்டியை வேண்டாம் என்பதே பெரிய அவமானம். அதை நனைத்துக் குப்பைப் பையில் போட்டதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சுனில்தாவின் முகம் சிவந்தது. “காலையில அஞ்சு மணிக்கு எழுந்து பிசைஞ்ச மாவும்மா அது. நான் நாய்க்குச் சோறு வச்சாக்கூட இப்படி வைக்க மாட்டேன்.”

யஸ்னாவுக்கு விளக்கம் சொல்லத் தெரியும். பலமுறை சொல்லியிருக்கிறாள். ஆனால் அந்த நேரத்தில் வாயைத் திறந்தால் வாந்தி வரும்போல இருந்தது. மூவரும் நடைவழிக்கு வந்தார்கள். அவள் படிவத்தை எடுத்தாள். அதில் ஒரு கேள்வி உண்டு: இந்தப் பொருள் எப்போதாவது தேய்க்கப்பட்டதா, உடைக்கப்பட்டதா, எத்தனை முறை?

அந்தக் கேள்விக்கு வரும் பதிலில்தான் எல்லாம் இருந்தது. தரை சேதமில்லாமல் இருக்கிறது என்று எழுதினால் விடுமுறை வரை பிள்ளைகள் அங்கேயே உட்காரலாம். திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை நாற்பத்தொரு குழந்தைகள் அந்த மேலங்கிகளை மாட்டிக்கொண்டு அந்தத் தரையில் உட்கார்ந்து படம் வரைவார்கள். தேய்த்துத் தூளாக்கியிருக்கிறார்கள் என்று எழுதினால் கட்டடத்தை மூட வேண்டும், தனிப் பயிற்சி பெற்ற ஆட்கள் வந்து சுத்தம் செய்ய வேண்டும், புதுப்பிக்கும் வேலை தள்ளிப்போகும்.

தலைமையாசிரியர் இதையெல்லாம் கணக்குப் போட்டுவிட்டார் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. இருபத்தாறு வருடமாக ஈரத் துணி மட்டும்தான் என்றார். தேய்த்தது இந்த ஒரு தடவை, அதுவும் மேடம் வருவதால். அப்படித்தானே என்று சுனில்தாவைத் திரும்பிப் பார்த்தார்.

சுனில்தாவின் கண் மஞ்சள் பையின் மேல் இருந்தது. “ஆமா. இந்த ஒரு தடவைதான்,” என்றாள்.

அவளுடைய வலது காலணியின் அடி, இடது காலணியைவிட விரற்கடை தேய்ந்திருந்தது. நிற்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சரிந்தது. யஸ்னா பார்த்தாள். ஆனால் காலணியைப் பார்த்து அறிக்கை எழுத முடியாது.

அவள் மட்டும் தனியாக உள்ளே போய்த் துண்டு எடுக்கத் தொடங்கினாள். முதல் அறை, இரண்டாவது அறை. மூன்றாவது அறையில், வழக்கம்போல யாரும் கால் வைக்காத மூலைக்காக, அலமாரியின் அடித்தட்டைத் திறந்தாள். ஒரு கோணிப்பை வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. நகர்த்துவதற்காக இழுத்தாள். பையின் வாய் மூச்சு விடுவதுபோல ஒரு சாம்பல் புகையை வெளியே விட்டது.

அவள் அசையாமல் நின்றாள். புகை அடங்கியதும் பையின் வாயை நனைத்து விரித்தாள். உள்ளே பழைய கம்பளிச் சட்டைகளை வெட்டித் தைத்த சறுக்குத் துணிகள். மெழுகு போட்ட தரையில் இரண்டு காலுக்கும் அடியில் வைத்துக்கொண்டு வழுக்கிக்கொண்டே போனால் தரை தானாகப் பளபளக்கும். எல்லாம் குழந்தைக் கால் அளவு. ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலால் ஒரு பெயர். ரெனாத்தா. அமாரோ. இக்னாசியா. கம்பளி இழைகளுக்குள் சாம்பல் திப்பி திப்பியாகக் கட்டியிருந்தது.

வாசலிலிருந்து எட்டிப் பார்த்த தலைமையாசிரியருக்கு அது ஒளிக்க வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை சறுக்குப் போட்டி என்றார், முகம் மலர்ந்து. சுனி அத்தை காலையில் தேய்த்து மெழுகு பூசுவாள், மத்தியானம் பிள்ளைகள் பளபளப்பாக்குவார்கள். எந்த வகுப்பின் தரை அதிகம் மின்னுகிறதோ அதற்கு ஒரு பை மிட்டாய். அவர் வருவதற்கு முன்பிருந்தே நடக்கிறது. சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. இந்த ஒரு தடவைதான் என்று சொல்லி அரை மணிநேரம்கூட ஆகவில்லை.

“இதையெல்லாம் யார் துவைக்கிறது?” என்று யஸ்னா சுனில்தாவைக் கேட்டாள்.

“விடுமுறைக்கு வீட்டுக்குக் குடுத்து விடுவோம். அம்மாமாருங்க வீட்டுத் துணியோட துணியா துவைச்சு அனுப்புவாங்க.”

யஸ்னா துணியைக் கீழே வைத்தாள். ஈரத் துணியில் காலணியை அழுத்தித் துடைத்தாள். முற்றத்துக்கு நடந்து போனாள். முகமூடியைக் கழற்றினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மழையில் ஓங்கரித்தாள். காலையில் குடித்த தேநீரைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

அவளும் சறுக்கியவள்தான். ஏழு வயதில், வேறொரு பள்ளிக்கூடத்தில், இதே சதுரங்களின் மேல். வகுப்பிலேயே வேகமானவள் என்று பெயர். இதுவரை பதினொரு பள்ளிக்கூடம் பார்த்தாகிவிட்டது, ஒவ்வொன்றிலும் அந்தத் தரையைப் பார்த்தபோது அது நினைவுக்கு வரவில்லை. இப்போது அந்தச் சந்தோஷமே தொண்டையில் ஒட்டிக்கொண்ட சளி மாதிரி இருந்தது. துப்பினாலும் போகவில்லை.

சுனில்தா ஒரு குவளைத் தண்ணீரோடு வந்து நின்றாள். குடை பிடித்திருந்தாள், ஆனால் தன் தலைக்கு மட்டும். கோபம் இன்னும் போகவில்லை.

“என் ரொட்டி மேல இருந்ததும் அதுதானா?”

“ஆமா. அதாவது, அதுதான்னு நெனைக்கிறேன். இந்த மாதிரித் தரை பதினோரு பள்ளிக்கூடத்துல பாத்தேன். ஒம்பதுல இருந்தது.”

“கண்ணுல காட்டுங்களேன். பூதக்கண்ணாடி வச்சிருப்பீங்கள்ல.”

“தெரியாது அத்தை. இந்தத் தரையில இருக்கிறது பூதக்கண்ணாடியில தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிஞ்சா இவ்வளவு அருவருப்பா இருக்காது.”

அத்தை என்று வாயில் வந்துவிட்டது. இருவருக்கும் ஏழு வயதுதான் வித்தியாசம். சுனில்தா அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை.

“என் நெஞ்சுல?”

யஸ்னா தண்ணீரைக் குடித்தாள். “அதைச் சொல்ல நான் டாக்டர் இல்ல. போய்க் காட்டுங்க. எதைத் தேய்ச்சீங்க, எத்தனை வருஷம் தேய்ச்சீங்கன்னு மறைக்காமச் சொல்லுங்க.”

சுனில்தா சோதனை முடிவு எப்போது வரும் என்று கேட்டாள். எட்டு நாள் என்றாள் யஸ்னா. சுகாதார அலுவலகத்துக்கு இப்போதே சொல்லக் கூடாதா என்றாள் சுனில்தா. வரும் வழியிலேயே வேறொரு வேலையாகக் கூப்பிட்டுப் பார்த்ததையும், வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அங்கே மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும் என்பதையும் யஸ்னா சொன்னாள்.

“அப்போ திங்கக்கிழமை?”

“என்னால எழுதத்தான் முடியும். பூட்ட அதிகாரம் கிடையாது.”

“எவ்வளவு தடவைன்னு எழுதணுமா?” சுனில்தா விரல்விட்டு எண்ணினாள். “மாசம் ஒண்ணு. வருஷத்துக்குப் பத்து மாசம். இருபத்தாறு வருஷம். மூணு ரூம். எழுதிக்கோங்க. அவர் கையெழுத்துப் போடலைன்னா நான் போடுறேன்.”

கட்டடத்துக்குத் திரும்பினார்கள். யஸ்னா உள்ளே போய், கொக்கிகளில் தொங்கிய நாற்பத்தொரு மேலங்கிகளையும் நனைத்து ஒவ்வொன்றாகப் பையில் வைத்தாள். சறுக்குத் துணிகள், கம்பி நார், துடைப்பம். சுனில்தா வாசலில் நின்று தன் காலணிகளைக் கழற்றி, அவற்றையும் நனைத்து உள்ளே போட்டாள். காலுறையோடு நடைவழியின் குளிர்ந்த சிமெண்டில் நின்றாள். தலைமையாசிரியர் பின்னாலேயே நடந்து, சாப்பாட்டுக் கூடத்தில் இருபது பேருக்கே இடமில்லை, பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது, நகராட்சி இனி ஐந்து வருடத்துக்கு இந்தப் பக்கம் திரும்பாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் கட்டடத்தில் மழை ஒழுகுவதைப் பற்றி அவர் எழுதிய மனுக்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன.

“ரெண்டு நாள் ஜன்னலைத் திறந்து போட்டா எல்லாம் பறந்துடும். நானும் பதினாலு வருஷமா இந்தத் தூசியிலதான் இருக்கேன். என்னை என்ன பண்ணிடுச்சு? வெறும் தூசி மேடம்.”

யஸ்னா கதவு இடுக்குகளை நாடாவால் ஒட்டிக்கொண்டிருந்தாள். சுனில்தா வெளிக்கதவைப் பூட்டினாள். கொத்திலிருந்து அந்தக் கட்டடத்துச் சாவியைக் கழற்றினாள். மாற்றுச் சாவியையும் கழற்றினாள். தலைமையாசிரியர் கையை நீட்டினார். அவள் இரண்டையும் மஞ்சள் பைக்குள் போட்டாள், ஊறிப்போன ரொட்டிகளுக்கும் சறுக்குத் துணிகளுக்கும் நடுவில்.

“சாவி அதுலதான் சார் இருக்கு. வெறும் தூசிதானே, கையை விட்டு எடுத்துக்கோங்க.”

எர்னால்தோ பெசோவா பைக்குள் எட்டிப் பார்த்தார். பச்சையும் சாம்பலுமாகக் கூழ் ஒன்று விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது. அதற்குள் ஒரு குழந்தையின் பெயர் பாதி தெரிந்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அது மெதுவாக அவருடைய கோட்டுப் பைக்குள் போனது. மற்றொரு கையும் போனது. அந்த முகச் சுளிப்பை யஸ்னா நன்றாக அறிவாள். கண்ணாடியில் தினமும் பார்க்கிற சுளிப்பு.

அவள் பையின் வாயை முறுக்கி நாடா சுற்றினாள். இன்னொரு பையில் போட்டு மறுபடி சுற்றினாள். எச்சரிக்கைச் சீட்டை ஒட்டினாள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எழுதும் இடத்தில், ஒன்றையும் விடாமல் எழுதும் தன் வழக்கப்படி, ரொட்டி பன்னிரண்டு, சாவி இரண்டு என்றும் எழுதினாள். பையைக் கொதிகலன் கொட்டகையில் வைத்தார்கள்.

திங்கட்கிழமை காலை பெற்றோர்கள் நாடா ஒட்டிய கதவைப் பார்த்தார்கள். சீட்டைப் படித்தார்கள். பூட்டுத் திறக்கிற ஆளைக் கூப்பிடலாமா என்று தலைமையாசிரியர் யோசித்திருந்தாலும், அதற்குப் பிறகு யோசிக்க வழியில்லை. நாற்பத்தொரு பிள்ளைகளும் சாப்பாட்டுக் கூடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு, முட்டைக்கோஸ் வாசனைக்கு நடுவே எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். எட்டாம் நாள் முடிவு வந்தது. சதுரங்களில் இருந்தது. அவற்றின் அடியில் இருந்த கறுப்புப் பசையிலும் இருந்தது. புதுப்பிக்கும் வேலை அடுத்த கோடைக்குத் தள்ளிப்போனது. அதற்கும் ‘சீச்சீ அம்மா’தான் காரணம் என்று ஒப்பந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

செப்டம்பரில் ஒருநாள் மீன் சந்தையில் யஸ்னாவுக்கு எதிரே சுனில்தா வந்தாள். புதுக் காலணி போட்டிருந்தாள். டாக்டரிடம் போய்வந்ததாகவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுக்கச் சொல்லியிருப்பதாகவும், இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றும் சொன்னாள். கடந்துபோகிறவள் போலப் போய், நின்று, திரும்பினாள்.

“அடுத்த தடவை வர்றதா இருந்தா முன்னாடியே சொல்லி அனுப்புங்க,” என்றாள். “மாவு பிசையாம இருப்பேன்.”